வாசகர் கேள்வி – பதில்: மாநாட்டுக்குப் போகும் பேராளர்

மலேசியக் கட்சிகளில், கிளைகள் தேர்ந்தெடுத்து அனுப்பும் பேராளர்கள் கூடும் மாநில மாநாடுகள் நெருங்கும்போதெல்லாம் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பள்ளிப் பேருந்தும் பங்சாப்புரி (அடுக்குமாடி) வீட்டுக் கடனும் பின்னுக்குப் போய், கிளை, தொகுதி, பேராளர் பட்டியல் ஆகியவை முன்னுக்கு வந்துவிடுகின்றன. இம்மாதம் வந்தவற்றுள் ஏழு கடிதங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்கள் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லர்; ஆகவே கட்சிக்குக் கட்சி விதி மாறும் இடங்களை ஆங்காங்கே சுட்டியிருக்கிறேன். நான் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு தோட்டக் கிளைக்குப் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவன். ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். ஆனால் கடிதம் எழுதுவோரில் பாதிப்பேர் பழைய பெயரையே எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் (குழந்தைக் காப்பகத்தில்) வேலை செய்கிறேன். கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் என்னை மாநிலப் பேராளராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையை இழக்க ஆண்கள் யாருக்கும் மனமில்லை என்பதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். டத்தோ பட்டம் பெற்றவர்கள் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் நான் என்ன செய்வது? பேசத்தான் வேண்டுமா? — வாசகி, ஈஜோக்

பதில்: சகோதரி, எந்தக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கூட்டக் குறிப்பில் ஏறாது, பெயர்தான் ஏறும். ஆகவே முதல் வேலையாக அந்தக் குறிப்பை வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் மைகார்டில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கின்றனவா, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் இருக்கின்றனவா, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று சரிபாருங்கள். மண்டப வாசலில் பதிவு மேசையில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தம் கையிலுள்ள பட்டியல் மட்டுமே.

பேசுவது கட்டாயமன்று. பேச விரும்பினால், என் முதல் மாநாட்டில் எனக்கு நேர்ந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னால் பேருந்து ஏறி, நான்கு பக்க உரையோடு போனேன். ஒவ்வொரு பேராளருக்கும் மூன்று நிமிடம். மேடையில் இருந்தவர்களின் பட்டங்களை வரிசை தவறாமல் சொல்லி, அவைத்தலைவரை வணங்கி, மாநிலத் தலைவரின் சேவையைப் பாராட்டிவிட்டு, என் தோட்டத்தின் பெயரைச் சொன்ன நேரத்தில் மணி அடித்துவிட்டார்கள். லயத்துத் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) தண்ணீர்க் குழாயைப் பற்றி நான் எழுதியிருந்த மூன்றரைப் பக்கமும் சட்டைப் பையிலேயே ஊர் திரும்பின.

அடுத்த முறை 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் ஐந்தே வரி எழுதிக்கொண்டு போனேன். நீங்களும் அப்படியே செய்யலாம். "அவைத்தலைவர் அவர்களே, எங்கள் ஆயாக் கொட்டகையில் இத்தனை குழந்தைகள், பார்த்துக்கொள்பவர்கள் இத்தனை பேர், கூரை இரண்டு இடங்களில் ஒழுகுகிறது, நிர்வாகத்துக்கு இன்ன தேதியில் கடிதம் கொடுத்தோம், பதில் இல்லை, இதை மாநிலச் செயலவை மனிதவள அமைச்சிடம் கொண்டுபோகுமா?" இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் எண் சட்டம் வீட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை, குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் பேசுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால், மேடையில் இருப்பவர் "இது நிர்வாகத்தின் நல்லெண்ணத்தைப் பொறுத்த விஷயம்" என்று சொல்லி நழுவ முடியாது. அந்த மண்டபத்தில் நூறு பேர் தோட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஆயாக் கொட்டகையில் நாள் முழுதும் நிற்பவர் அனேகமாக நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

பேசாவிட்டாலும் இரண்டு காரியங்களைக் கட்டாயம் செய்யுங்கள். பையில் வைத்துத் தரும் ஆண்டறிக்கையில் படங்களைத் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கங்களில் உள்ள வரவு செலவுக் கணக்கைப் படியுங்கள். தேநீர் இடைவேளையில் உங்கள் தோட்டத்துக் கம்பெனியின் மற்றத் தோட்டங்களிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஒரே கம்பெனியின் மூன்று தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே புகாரைத் தனித்தனியே சுமந்துகொண்டு, ஒருவரையொருவர் அறியாமலே நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: சால்வை ஒன்றை எடுத்துப் போங்கள். அந்த மண்டபங்களில் குளிர்சாதனத்தை யாரும் குறைப்பதில்லை.

கேள்வி: மாநிலச் செயலவைத் தேர்தலில் போட்டியிடும் ஓர் அணி, எங்கள் தொகுதிப் பேராளர்களை விருந்துக்கு அழைத்து, "பெட்ரோல் செலவுக்கு" என்று ஆளுக்கொரு உறையும், யார் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்ற பட்டியலும் கொடுத்தது. எல்லோரும் வாங்கினார்கள். நானும் வாங்கிவிட்டேன். இது தவறா? — வாசகர், புக்கிட் ரோத்தான்

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பட்டியல் கொடுப்பதில் தவறில்லை. அணியாகச் சேர்ந்து போட்டியிடுவதும், தங்கள் அணியினரின் பெயர்களை அச்சிட்டுத் தருவதும் எல்லாக் கட்சிகளிலும் உள்ள வழக்கம். "மெனு" என்று கேலியாகச் சொல்வார்களே, அதுதான். பட்டியலைப் பார்த்துப் பாதியை ஏற்று, மீதியைத் தள்ளிவிட்டு, உங்களுக்குச் சரியென்று பட்டவர்களைக் குறிக்கலாம். வாக்குச் சீட்டின் தலைப்பில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஒரு குறி கூடினாலும் சீட்டு செல்லாமல் போகும்.

உறை வேறு. கட்சிக்குள் நடப்பது கட்சிக்காரர் விவகாரம், ஊழல் சட்டம் அங்கே எட்டாது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது, அது பிழையானது. 2009-ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், சங்கச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற சங்கங்களையும் அவற்றின் கிளைகளையும் பொது அமைப்பு என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அரசியல் கட்சியும் அப்படிப் பதிவுபெற்ற சங்கமே. கட்சிகளுக்கென்று தனி ஒழுங்கு விதிகளும் உண்டு. 2004-ஆம் ஆண்டு அம்னோ (மலாய்க்காரர்களின் பெரிய கட்சி) உட்கட்சித் தேர்தலில் உதவித் தலைவர்களுள் அதிக வாக்கு பெற்று முதலிடத்தில் வந்தவரையே, மறு ஆண்டு அக்கட்சியின் ஒழுங்கு வாரியம் பண அரசியல் குற்றத்துக்காக இடைநீக்கம் செய்தது. பிறகு 2009-இல் அம்னோ தன் விதியைத் திருத்தி, ஏறத்தாழ 2,500 பேராளர்கள் கையில் இருந்த உயர்பதவித் தேர்தலை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கு விரித்ததற்கு இதுவும் ஒரு காரணம்: வாக்காளர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் உறையின் எண்ணிக்கையும் குறைவாக இருந்தாலே போதும்.

வாங்கியதை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனால் கடிதத்தின் தொனியில் அந்தக் கேள்வி இருக்கிறது. ஒரு சாட்சியை உடன் வைத்துக்கொண்டு, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன் என்று சொல்பவர்கள் உண்டு. உண்டியல் கணக்குக்கு அது சரியாகலாம், வாக்குக் கணக்குக்குச் சரியாகாது.

கேள்வி: எங்கள் கிளையின் பேராளர் இருவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட்டக் குறிப்பு குறித்த நாளுக்குள் போய்ச் சேரவில்லையாம். இரண்டு வாக்கில் என்ன குடிமுழுகிப் போகிறது? இதற்கு இவ்வளவு கெடுபிடியா? — வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் இந்தக் கெடுபிடி பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் வாசலில் நின்றவர் மீதுள்ள கோபமாவது தணியும்.

1987 ஏப்ரல் 24 அன்று நடந்த அம்னோ கட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் 761 வாக்கும், தெங்கு ரசாலி ஹம்சா 718 வாக்கும் பெற்றார்கள். வேறுபாடு 43. வாக்களித்த பேராளர்களுள் சிலர் பதிவுபெறாத கிளைகளின் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று தோற்ற தரப்பைச் சேர்ந்த உறுப்பினர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டது தேர்தலை ரத்து செய்ய வேண்டும் என்பதே. கிடைத்ததோ வேறு: சுமார் 30 கிளைகள் பதிவில்லாமல் இயங்கியதால், அன்றைய சங்கச் சட்டத்தின்படி அந்தக் கட்சியே சட்டவிரோதச் சங்கம் என்று 1988 பிப்ரவரி 4 அன்று உயர்நீதிமன்ற நீதிபதி ஹருன் ஹாஷிம் தீர்ப்பளித்தார். சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி, எங்கோ சில கிளைகள் பதிவுத் தாளை ஒழுங்காக அனுப்பாததால் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. அதன் பிறகு "புதிய அம்னோ" என்று பதிவுசெய்ததெல்லாம் நீங்கள் அறிந்ததே.

இது ஒரு கட்சிக்கு மட்டும் வந்த சோதனையுமன்று. 2012 டிசம்பரில் ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி) நடத்திய மத்தியச் செயலவைத் தேர்தலில் வாக்குகளைக் கணினியில் பதிந்ததில் நேர்ந்த பிழை அடுத்த மாதம் வெளியே வந்தது. பேராளர் அழைப்பு பற்றியும் புகார்கள் எழுந்தன. சங்கப் பதிவிலாகாவின் உத்தரவுக்குப் பின், 2013 செப்டம்பர் 29 அன்று அக்கட்சி மறுதேர்தல் நடத்தியது. எனவே உங்கள் பேராளர் இருவரையும் உள்ளே விட்டிருந்தால், நாளை தோற்ற அணி முதலில் தோண்டி எடுப்பது உங்கள் கிளையின் குறிப்பைத்தான்.

பழியை வேறிடத்தில் தேடுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று சங்கச் சட்டம் சொல்கிறது. கட்சிகள் தங்கள் கிளைகளுக்கு அதைவிடக் குறுகிய கெடு வைப்பதுண்டு. உங்கள் செயலாளர் கூட்டம் முடிந்த அன்றே குறிப்பை எழுதினாரா, அல்லது தீபாவளி கழியட்டும் என்று இருந்தாரா? நானும் செயலாளராக இருந்தவன் என்பதால் கேட்கிறேன். ஒரு முறை கையெழுத்து வாங்கத் தலைவர் வீட்டுக்குப் போய், அவர் மகள் வீட்டுக்குக் கோலாலம்பூர் போய்விட்டார் என்று திரும்பி வந்து, பிறகு பத்து நாள் அதை மறந்தே போயிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டம் கைமாறப் போகிறது என்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். "தோட்டத் தொழிலாளருக்கு வீடு வேண்டும்" என்று ஆண்டுதோறும் தீர்மானம் அனுப்புகிறோம். ஆண்டுதோறும் ஏகமனதாக நிறைவேறுகிறது. வீடுதான் வரவில்லை. — ஓய்வுபெற்ற தொழிலாளி, கோலசிலாங்கூர்

பதில்: ஐயா, "ஏகமனதாக" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வரும். யாருக்கும் எந்த வேலையும் வைக்காத தீர்மானத்தை எதிர்க்க யாருக்கும் காரணம் இருப்பதில்லை. மாலை நான்கு மணிக்கு, பேருந்துக்காரர் ஹாரன் அடிக்கும் வேளையில், "ஒன்று முதல் இருபத்தெட்டு வரையுள்ள தீர்மானங்களை மொத்தமாக ஏற்கிறோமா?" என்று அவைத்தலைவர் கேட்பார்; கை உயரும்; கதை முடிந்தது.

தீர்மானத்தை எழுதும்போதே அது யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டும். நம் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. தொழிலாளர் விவகாரமும் கல்வியும் கூட்டரசின் கையில் இருக்கின்றன. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) உயர்ந்தது கோலாலம்பூரும் புத்ராஜெயாவும், அதாவது கூட்டரசு, எடுத்த முடிவு. அதை மாநில மாநாட்டில் பாராட்டலாம், கண்டிக்கலாம், மாற்ற முடியாது. உங்கள் விவகாரம் அப்படியன்று. தோட்டம் கைமாறுவதும், நிலத்தின் பயன்பாட்டை விவசாயத்திலிருந்து கட்டடத்துக்கு மாற்றுவதும் மாநில அரசின் வாசலைத் தாண்டாமல் நடக்க முடியாது. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடி விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. அந்த வாரியம் மாநில அளவில் இயங்குவது. ஆகவே உங்கள் தீர்மானம் மாநில மாநாட்டுக்கு மிகச் சரியாகப் பொருந்தும். ஆனால் அதை இப்படி எழுத வேண்டும்:

"இன்ன தோட்டத்தின் நிலத்தை விற்கவோ பயன்பாட்டை மாற்றவோ விண்ணப்பம் வந்தால், அங்கே இப்போது குடியிருக்கும் இத்தனை குடும்பங்களுக்கும் அதே வட்டாரத்தில் வீடு கட்டித் தரும் நிபந்தனையை விதிக்குமாறு, நம் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநில ஆட்சிக்குழுவிடம் எழுத்துபூர்வமாகக் கோர வேண்டும் என்றும், அதன் பதிலை மூன்று மாதங்களுக்குள் கிளைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இம்மாநாடு தீர்மானிக்கிறது."

யார், என்ன, எப்போதுக்குள் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. இதை எதிர்த்து யாராவது எழுந்து பேசினால் மகிழ்ச்சியடையுங்கள். யாரோ படித்திருக்கிறார்கள் என்று பொருள். வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், வேலை செய்த ஆண்டுகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பின்னிணைப்பாக வையுங்கள். பட்டியலில்லாத தோட்டங்களில், நில மேம்பாட்டாளர் வரும் நாளில் எத்தனை குடும்பங்கள் என்பதைக் கம்பெனிக் கிராணிதான் (எழுத்தர்) சொல்கிறார்.

மொத்தமாக ஏற்கும் வேளையில் உங்கள் பேராளர் கை உயர்த்தி, "பதினேழாம் தீர்மானத்தைத் தனியே விவாதிக்கக் கோருகிறேன்" என்று ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும். உடன் வழிமொழிய இன்னொரு கிளையின் பேராளரைக் காலையிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். பேருந்துக்காரர் காத்திருப்பார், அவருக்கு நாள் வாடகைதான்.

கேள்வி: பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். அரசு ஊழியர் பேராளராகப் போகலாமா? — வாசகி, ஜெராம்

பதில்: அரசு ஊழியர் நன்னடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் 1993-இன்படி, உயர் நிர்வாகப் பிரிவினரும் நிர்வாக, தொழில்நிபுணத்துவப் பிரிவினரும் அரசியலில் தீவிரமாக ஈடுபடக் கூடாது. உங்களைப் போன்ற ஆதரவுப் பிரிவினர் கட்சிப் பொறுப்பு ஏற்பதற்கு முன்கூட்டியே எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும். தலைமையாசிரியர் வாய்மொழியாகத் தலையசைத்ததை அனுமதி என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: மாநிலத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது பேராளர்களா, மேலிடமா? பேராளருக்கு ஊதியம் உண்டா? — வாசகர், ரவாங்

பதில்: ம.இ.கா.வில் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) மாநிலத் தொடர்புக் குழுத் தலைவரைத் தேசியத் தலைவர் நியமிக்கிறார். ஜ.செ.க.வில் பேராளர்கள் 15 பேரைத் தேர்ந்தெடுக்க, அவர்கள் தங்களுக்குள் மாநிலத் தலைவரைத் தேர்கிறார்கள். ஆகவே அங்கே அதிக வாக்கு பெற்றவரே தலைவராவார் என்பதற்கு உறுதியில்லை. ஊதியம் கிடையாது. மதிய உணவு, ஆண்டறிக்கை வைத்த துணிப்பை, கழுத்து அட்டை. நகராண்மைக் கழக உறுப்பினர் பதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சிலர் போகிறார்கள். 1965-இல் நிறுத்தப்பட்ட உள்ளாட்சித் தேர்தல் திரும்பவே இல்லை, நியமனம்தான் என்பதால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை.

கேள்வி: மாநாட்டுக்குப் போய் வந்துவிட்டேன். கிளையில் என்ன சொல்ல வேண்டும்? புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படங்களை அனுப்பிவிட்டேன், அது போதாதா? — வாசகர், பத்தாங் காலி

பதில்: படத்தில் நீங்கள் யாருடன் நின்றீர்கள் என்பது தெரியும், எதற்காகப் போனீர்கள் என்பது தெரியாது. திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழிந்தால் உங்களுக்கே பாதி மறந்துவிடும். யார் வென்றார் என்பதை எல்லோரும் ஏற்கெனவே அறிவார்கள். அதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். கிளை கொடுத்தனுப்பிய விஷயம் என்ன ஆயிற்று, கணக்கில் என்ன கண்டீர்கள், வேறு எந்தத் தோட்டத்துக்காரர்களைச் சந்தித்தீர்கள் என்று சொல்லுங்கள். வாக்கு இரகசியம் உங்கள் உரிமை. ஆனால் இன்னாருக்குப் போடுங்கள் என்று கிளை கூடி முடிவெடுத்து அனுப்பியிருந்து, நீங்கள் மாற்றிப் போட்டிருந்தால், அதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் தெரிந்துவிடும், இது சின்ன ஊர்.

முதல் மாநாட்டுக் கதையை மேலே சொன்னேன். இரண்டாவது மாநாட்டில் ஐந்து வரியையும் முழுதாகப் பேசிவிட்டு வந்து, கோயில் மண்டபத்தில் அறிக்கை கொடுத்தேன். வந்தவர்கள் ஒன்பது பேர். முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி, "நம்ம பைப்பைப் பத்திச் சொன்னியா தம்பி?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். "யாரு எழுதிக்கிட்டா?" என்றார். யார் எழுதிக்கொண்டார் என்பதை நான் பார்க்கவேயில்லை. அதற்குப் பின் போன மாநாடுகளில் பேசி முடித்ததும் நேராகச் செயலாளர் மேசைக்குப் போய், என் கேள்வி எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, எழுதியவரின் பெயரையும் 555 புத்தகத்தில் குறித்துக்கொண்டுதான் இருக்கைக்குத் திரும்பினேன்.